பதினேழாம் நம்பர் குத்தாத கைப்பிடி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி, நீ கீபோர்டில் ஒரு பாட்டைப் பாதி வாசித்துவிட்டு மூடினாய். "ரெண்டாவது சரணம் இன்னும் தடுமாறுதே?" என்று அம்மா கேட்டாள். "சர்ச்சுதானேம்மா, போதும்லா" என்றாய். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். இப்படிப் பேசினால் அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணுகிற அப்பா இன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று காரில் உன் அக்கா கேட்டாள். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. நேரில் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன். மூன்றாம் பாரத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடம் விட்டவன் நான். பிழை இருந்தால் இரண்டு பேரும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சர்ச்சுப் படிக்கட்டின் கைப்பிடி மூன்று வருடத்துக்கு முன்னால் கழன்று விழுந்தது உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நீங்கள் பின்னால் ஓய்வுநாள் பள்ளி அறையில் இருந்தீர்கள். பிறகு அங்கே இங்கே அரைகுறையாக ஏதாவது காதில் விழுந்திருக்கும். முழுசாக என் வாயால் நான் சொன்னதில்லை.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில் நான் வேலை செய்யும் பட்டறையில், செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு நீராவிக் குழாய் செய்கிறோம். ஒரு வெல்டிங் முடிந்ததும் அதன் பக்கத்திலேயே இரும்பில் நம் நம்பரைச் சுத்தியலால் குத்தவேண்டும். என் நம்பர் பதினேழு. பத்து வருடம் கழித்து ஏதோ ஓர் ஆலையில் அந்தக் குழாய் வெடித்தாலும், யார் கை வைத்தது என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் எக்ஸ்ரே வேறு எடுப்பார்கள். உள்ளே கடுகளவு ஓட்டை தெரிந்தால் போதும், சீன சூப்பர்வைசர் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, மலாயில் "புவாட் பாலேக்" என்பார். மறுபடி செய் என்று அர்த்தம். வேறு ஒரு வார்த்தை பேசமாட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வட்டத்தை நான் வாங்கியது ஐந்தாறு தடவைதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. உன் அக்காவின் கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த நோட்டை மேசையில் போட்டு, "அப்பா வேலையில ஒரு கீறல் பார்க்கமுடியுமா?" என்று கேட்டவன் நான்தான்.

நம் சர்ச்சு சுங்காய்ப் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. தோட்டம் செம்பனையாக மாறி, சனங்களெல்லாம் ஈப்போவுக்கும் வேறு ஊர்களுக்கும் போய்விட்டார்கள். முன்பு வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகையாக இருந்த கட்டடம் மட்டும் மேட்டில் நின்றது. அதைத்தான் சர்ச்சாக வைத்திருக்கிறோம். பதினொரு செங்குத்துப் படி. பிடித்துக்கொள்ள ஒன்றும் இருந்ததில்லை.

அந்தப் படிக்குக் கீழேதான் நம் அக்கா காரில் உட்கார்ந்திருப்பார். சபையில் நாங்கள் பெரியவர்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவரைத்தான் சொல்கிறேன். எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். அந்தத் தோட்டத்திலேயே பால்மரம் சீவியவர். சர்க்கரை நோயில் வலது காலில் பாதிப் பாதத்தை எடுத்துவிட்டார்கள். அவருடைய மருமகன் காரைப் படிக்கு நேராக நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுவார். மேலே பாடுவது கீழே கேட்கும், அக்காவும் காருக்குள்ளிருந்து கூடவே பாடுவார். எப்போதும் அரை அடி முந்திப் பாடுவார். திருவிருந்து நாளில் போதகர் தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு படி இறங்குவார். மழை பெய்தால் யாராவது குடை பிடிப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

ஒருநாள் அக்காவே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ இரும்பு வேலதானே செய்யிற? அந்தப் படியில ஒரு கம்பி போட்டுக் குடேன். நான் மெல்லப் பிடிச்சி ஏறிருவேன். கார்ல உக்காந்து சாமி கும்பிடுறது, வாசல்ல நிக்கிற பிச்சக்காரி மாதிரி இருக்குய்யா."

"அடுத்த வாரமே போட்டுர்றேன்கா" என்றேன்.

எட்டு மாதம் ஆயிற்று. சனிக்கிழமை ஓவர்டைம், தலைவலி, ஏதாவது ஒன்று. அறுப்பின் பண்டிகை வந்தபோதுதான் வெட்கம் வந்து, பண்டிகைக்கு முந்தின நாள் போனேன். அவரவர் தோட்டத்தில் முதலில் பழுத்ததையும் நல்லதாக விளைந்ததையும் மறுநாள் பீடத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். வாழைக்குலை, தேங்காய், நாட்டுக்கோழி. ஒரு சொத்தைக் கத்தரிக்காய் இருக்காது. நான் கொண்டுபோனது என்ன தெரியுமா? பட்டறை மூலையில் மழையில் கிடந்த துண்டுப் பைப்புகள். முதலாளியிடம் கேட்டுத்தான் எடுத்தேன், திருடவில்லை. ஆனால் வேண்டாமென்று ஒதுக்கியவை. வெல்டிங் குச்சியும் வீட்டுக்குப் பின்னால் ஈரத்தில் கிடந்த பழைய கட்டு.

உங்கள் மாமா உதவிக்கு வந்தார். அவர்தான் ஜெனரேட்டரைத் தூக்கிவந்தார்.

அந்தப் பைப்பின் மேல் துத்தநாகம் பூசியிருக்கும், துருப் பிடிக்காமலிருக்க. ஒட்டுகிற முனையில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வெல்டிங் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைப் புகை கிளம்பும், உள்ளே குமிழ் குமிழாக ஓட்டை விழும். இது எனக்குத் தெரியாதா? புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். மொத்தம் முப்பத்து நான்கு இணைப்பு. முதல் ஆறு ஏழுக்குச் சுரண்டினேன். வெயில் ஏறிற்று. கை வலித்தது. மூன்று மணிக்குள் முடித்துவிட்டு ஈப்போ திரும்பலாம் என்ற நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு சுரண்டவில்லை.

உங்கள் மாமா குனிந்து பார்த்தார். "மச்சான், இது என்ன, அப்பம் சுட்ட மாதிரி ஓட்ட ஓட்டையா இருக்கு?"

"சர்ச்சுதானேலா, போதும். இங்க யாரு எக்ஸ்ரே எடுக்கப்போறா?"

தம்பி, நீ சொன்னதும் நான் அன்றைக்குச் சொன்னதும் ஒரே வார்த்தை.

மோதிய காரின் பள்ளத்தை நிரப்பக் கார்ப் பட்டறைகளில் ஒரு பசை வைத்திருப்பார்கள். அதை அந்த ஓட்டைகள் மேல் அப்பினேன். காய்ந்ததும் கிரைண்டரால் தேய்த்து, வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. எங்கள் பட்டறையில் ஒழுங்காகச் செய்த வெல்டிங்கூட அப்படி மழமழப்பாக இருக்காது. நம்பர் குத்தவில்லை. பையில் நம்பர் அச்சு இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, வேண்டாமென்று விட்டேனா, எனக்கே இன்றுவரை தெரியாது.

மறுநாள் அக்கா ஏறினார். ஒரு படி, நிற்பார், மூச்சு வாங்குவார், அடுத்த படி. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பு பாரம் முழுக்க அதில் போட்டு இழுத்து ஏறினார். மேலே வந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றார். "ரெண்டு வருசம் கழிச்சு இந்தப் பெஞ்சில உக்காந்திருக்கேன். அந்தத் தம்பி முழு மனசோட செஞ்ச கம்பி. கர்த்தர் அவன் கைய ஆசீர்வதிக்கட்டும்" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. பீடத்தில் அந்த வாழைக்குலைகள் இருந்தன. அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்காமல் சுவரில் மாட்டிய காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அக்கா ஏறும்போது நான் பின்னால் போய் நிற்பேன். "தம்பி, எனக்குக் காவல்காரனா நீ?" என்று கிண்டல் பண்ணுவார். ஜெபத்தில் கண்ணை மூடினால் அந்தக் கை கம்பியை இறுக்குவதுதான் தெரியும். விழாது, இத்தனை பேர் பிடிக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அக்காவின் பாரம் எனக்குத் தெரியும். அந்த ஓட்டையும் எனக்குத் தெரியும்.

இரண்டாம் மாதம் கீழிருந்து மூன்றாவது தூணில் பெயிண்டை மீறிப் பழுப்பாக ஒரு கோடு வழிந்தது. அன்று இரவே உங்கள் அம்மாவிடம், "ஒருநாள் போயி அத சரிபண்ணணும்" என்றேன்.

"எத? எல்லாரும் நல்லாருக்குன்னாங்களே?"

"சும்மா, பெயிண்டுதான்."

உங்கள் அம்மாவிடம் நான் பொய் சொன்ன கணக்கு அதிகமில்லை. அது ஒன்று.

அடுத்த சனிக்கிழமை கிரைண்டரும் புதுக் குச்சியும் காரில் ஏற்றிக்கொண்டு நிஜமாகவே சரிசெய்யத்தான் போனேன். போதகர் அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்திவிட்டு, "என்ன பிரதர், இந்த நேரத்துல?" என்று ஓடிவந்தார். கிரைண்டரை இறக்கினால் ஏன் என்று கேட்பார். சொன்னால் எல்லாம் வெளியில் வரும். நான் பெயிண்ட் டப்பாவை மட்டும் இறக்கினேன். துருக்கோட்டின் மேல் இரண்டு பூச்சு அடித்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் பிரசங்கத்திலேயே, "கேக்காமலே வந்து பெயிண்ட் அடிக்கிற விசுவாசி நம்ம நடுவுல இருக்காரு" என்றார் போதகர். எனக்குச் சிறு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டது ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் பலிக்கு ஆடு கொண்டுவந்தால், குருடா நொண்டியா என்று சோதித்துப் பார்த்துத்தான் ஏற்பார்களாம். நான் நொண்டி ஆட்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தவன். அதற்கு ஸ்தோத்திரமும் வாங்கிக்கொண்டேன்.

நாலாவது மாதம், ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் இறங்குகிறார்கள். முந்தின நாள் பெய்த மழையில் படி நனைந்திருந்தது. நான் மேலே வாசலில் ஒருவர் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். அன்று பார்த்து அக்காவின் பின்னால் போகவில்லை. "டக்" என்று ஒரு சத்தம். பட்டறையில் எத்தனையோ சத்தத்துக்கு நடுவில், வெல்டிங் விட்டுப்போகிற அந்தச் சத்தத்தை நான் தனியாகக் கண்டுபிடிப்பேன். திரும்பிப் பார்க்கும்போது கம்பி வெளிப்பக்கம் கதவு மாதிரித் திறந்துகொண்டு போகிறது. அக்காவும் அதோடு சாய்ந்து பக்கத்துக் கால்வாயில் விழுந்தார். விழுந்த பிறகும் கம்பியை விடவில்லை. அதை நம்பிப் பிடித்த கை அப்படியே பிடித்திருந்தது.

மருமகன் ஓடிப்போய்த் தூக்கினார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, என் கால்தான் வழுக்கிருச்சு" என்று அக்கா சொன்னார். மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. "மழையில துருப்பிடிச்சிருக்கும்" என்றார் ஒருவர். "பழைய பைப்பு, பாவம், அவரு என்ன பண்ணுவாரு" என்றார் இன்னொருவர். அந்த "அவரு" நான்தான்.

நான் முதலில் என்ன செய்தேன் என்று எழுத கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும். எல்லாரும் அக்காவைக் காரில் ஏற்றும்போது, நான் உடைந்த முனையைப் பார்த்தேன். சாம்பல் நிறப் பசை பிளந்து உள்ளே அப்பம் மாதிரி இருந்தது. கழன்று விழுந்த அந்தத் துண்டுக் கம்பியை எடுத்து என் காரின் பின்பெட்டிக்குள் வைத்து மூடினேன். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஈப்போ ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே, அக்கா தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகக் காத்திருந்தோம். யாரு எக்ஸ்ரே எடுக்கப்போறா என்று நான் சொன்னது கதவின் மேல் எக்ஸ்ரே என்று எழுதிய பலகையைப் பார்த்ததும் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"நீ ஏன் மூஞ்ச அப்படி வெச்சிருக்க? கை எனக்குத்தானே உடைஞ்சிருக்கு?" என்றார்.

"அக்கா, அது துரு இல்லக்கா."

"பின்ன?"

சொன்னேன். துத்தநாகம், பசை, பெயிண்ட், இரண்டாவது தடவை அடித்த பெயிண்ட், காரின் பின்பெட்டியில் இருக்கிற கம்பி, எல்லாம். பக்கத்தில் நின்ற மருமகன், "அண்ணே, எங்க மாமி தினம் உங்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணுவாங்க, தெரியுமா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அக்கா கேட்டார். "உங்க கம்பெனியில இப்படி ஒட்டுவியா?"

"மாட்டேன்கா."

"ஏன் மாட்ட?"

"பார்ப்பாங்க. வெட்டித் தூக்கிப் போட்டுருவாங்க. வேல போயிரும்."

"ம்." கை வலியில் முகத்தைச் சுளித்தார். "நாங்களும் செஞ்சிருக்கோம்லா. சீவும்போது கத்தி ஆழமாப் போயி மரத்துல காயம் பட்டுரும். வேலைய மேற்பார்க்கிற மண்டோர் வாரதுக்கு முந்தி மண்ண அள்ளி அதுமேல அப்பிருவோம். பார்த்தா தெரியாது. அந்த எடத்துல பின்னாடி மரப்பட்ட முண்டு முண்டா வளரும், கத்தியே வைக்கமுடியாது." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா அந்த மரத்தப் பிடிச்சிக்கிட்டு யாரும் படி ஏறல தம்பி. நான் ஏறினேன்."

தாதி வந்து வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

மன்னித்துவிட்டேன் என்று அக்கா அன்றைக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போதகரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "கம்பிய மாத்திருவோம் பிரதர், சபையில சொல்லணும்னு கட்டாயம் இல்ல" என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் அந்த ஆமென்களைச் சபையில்தானே வாங்கினேன். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்று சொன்னேன். பாதிக்கு மேல் தரையைப் பார்த்துத்தான் பேசினேன். முடிந்ததும் யாரும் ஆமென் சொல்லவில்லை. பிறகு தேநீர் குடிக்கும்போது ஒருவர், "இனிமே நம்ம வீட்டு கேட்டையும் ஒருதரம் ஆட்டிப் பார்க்கணும்லா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் வீட்டு கேட்டும் நான் செய்ததுதான். அது நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கூலி வாங்கினேனே.

மறுபடி செய்ய மூன்று சனிக்கிழமை பிடித்தது. புதுப் பைப்பு, காய்ந்த குச்சி, முப்பத்து நான்கு முனையையும் இரும்பு தெரியுமட்டும் சுரண்டினேன். உங்கள் மாமா ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, "மச்சான், புவாட் பாலேக் சொல்லவா?" என்று என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பதினேழு குத்தினேன்.

இங்கேதான் எனக்கு இன்னும் கலக்கம். அந்த மூன்று வாரமும் நான் யாரை நினைத்துக்கொண்டு வேலை செய்தேன்? சபை என்ன சொல்லும், மருமகன் என்ன சொல்வார், இதுதான் மனதில் ஓடிற்று. பட்டறையில் சூப்பர்வைசருக்குப் பயந்த மாதிரி இங்கே இவர்களுக்குப் பயந்தேன். என்னை நல்ல தொழிலாளி என்று நானே நினைத்திருந்தேன். பயந்த தொழிலாளிதான் போலிருக்கிறது. பயமுறுத்த ஆளில்லாத இடத்தில், கடவுள் மட்டும் பார்க்கிற இடத்தில், என் கை என்ன செய்யும் என்று அந்த முதல் கம்பி காட்டிவிட்டது. கடவுள் திட்டமாட்டார் என்ற தைரியத்தில் அவருக்குக் கழிவைக் கொடுத்தேன்.

கடைசிச் சனிக்கிழமை ஒன்று நடந்தது. எல்லாம் முடிந்து மாமா ஜெனரேட்டரை அணைத்துவிட்டார். கடைசித் தூணின் அடியில், புதருக்குள், யார் கையும் கண்ணும் படாத இடத்தில், ஒரு சின்னக் குழி தெரிந்தது. பாரம் தாங்கும் இடமில்லை. விட்டால் ஒன்றும் ஆகாது, யாருக்கும் தெரியாது. கையுறையைக் கழற்றிவிட்டேன். காரில் போய் உட்கார்ந்தும்விட்டேன். பிறகு இறங்கிவந்து, "மச்சான், ஒருதரம் மறுபடி போடு" என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஜெனரேட்டரைப் போட்டார். குழியை வெட்டி எடுத்துத் திரும்ப வைத்தேன். அந்த ஒன்றைக் கடவுளுக்காகச் செய்தேன் என்று தைரியமாகச் சொல்வேன். மற்ற முப்பத்து மூன்றைப் பற்றிச் சொல்லத் தைரியமில்லை.

தம்பி, உன் இரண்டாவது சரணம் தடுமாறினால் யாரும் விழுந்து கையை உடைத்துக்கொள்ளமாட்டார்கள். எல்லாரும் சத்தமாகப் பாடி அதை மூடிவிடுவார்கள், உன் விரல் தவறியது உனக்கு மட்டும் தெரியும். அதனால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சரியாக வாசிக்க வராவிட்டால் பரவாயில்லை, வந்த அளவு வாசி. மூன்று மணிக்குள் முடிக்கலாம் என்று மட்டும் வாசிக்காதே. உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அதனால் இதை எழுதினேன்.

அக்காவின் கை கூடிவிட்டது, விரல் மட்டும் முழுசாக மடங்காது. கட்டுப் பிரித்தும் பல மாதம் காரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு ஞாயிறு இறங்கிவந்தார். இப்போது வாரம் தவறாமல் ஏறுகிறார், என்னோடு நன்றாகப் பேசுகிறார், "காவல்காரா" என்று பழையபடி கூப்பிடுகிறார். ஆனால் முதல் படியில் கால் வைக்கும் முன்னால், கம்பியைப் பிடித்து இரண்டு தரம் பலமாக ஆட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு வாரமும். ஆட்டிவிட்டு மேலே நிற்கிற என்னைப் பார்க்காமலே ஏறுவார். கம்பி அசையாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த இரண்டு ஆட்டும் முடிகிறவரை நான் மூச்சு விடுவதில்லை.